தளர்த்திவிட்ட இடுப்பு

தெருவுக்கே துணி தைப்பவள் தையலக்கா. வாடிக்கையாளர் பருத்துவிட்டால் அதை வாயால் சொல்லவே மாட்டாள். சத்தமில்லாமல் தையலை ஒரு விரல் தள்ளிப் போட்டுவிடுவாள். போட்டுப் பார்க்கிறவர், "பாத்தீங்களா, அதே அளவுதான்" என்று மனம் குளிர்ந்துபோவார். குளிர்ந்தவர் மறுபடி வராமல் எங்கே போவார்? அதைப் பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவள் புருஷன் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். நல்ல பருமன், கூடவே சர்க்கரை, போதாததற்கு இதயமும் பலவீனம். டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். சர்க்கரையும் எடையும் இறங்கும், இதயத்துக்குச் சுமை குறையும் என்றார். ஒரு எச்சரிக்கையும் செய்தார். இதயம் சோர்ந்தால் உடம்பில் நீர் கோக்கும், வழக்கமாகத் தராசு அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு பக்கம் சதை கரைந்துகொண்டே மறுபக்கம் நீர் ஏறினால் தராசை நம்ப முடியாது. அதனால் பேன்ட் இடுப்பில் இறுக்கினால் உடனே சொல்லவேண்டும். அன்று கடையில் தலைக்கு மேல் வேலை என்பதால் தையலக்கா கூடப் போகவில்லை. மனுஷர் வீட்டுக்கு வந்து ஊசியைப் பற்றிச் சொன்னார், அவள் பயப்படுவாளே என்று எச்சரிக்கையைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

ஊசி வேலை செய்தது. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளினார். பேன்ட்கள் தொளதொளவென்று ஆயின. தையலக்கா பெருமை பிடிபடாமல் எல்லாவற்றின் இடுப்பையும் பிடித்துத் தைத்தாள்.

சில மாதம் கழித்து, துவைத்த பேன்டை மடிக்கும்போது பார்த்தாள். இடுப்புத் தையல் இழுபட்டு நூல் பல்லைக் காட்டியது. வீட்டில் நாலு வாய் கூடத் தின்னாதவருக்கு இடுப்பு எப்படிப் பருக்கும்? நிலையத்து வாசலில் பலகாரக் கடை இருக்கிறதே, அங்கே விளாசுகிறார் என்று தானாகவே முடிவு கட்டினாள். கேட்டால் பாவம், கூனிக்குறுகிப் போவார் என்று தோன்றியது. எனவே ஊருக்குச் செய்வதையே அவருக்கும் செய்தாள். அவர் வேலைக்குப் போனபின் தையலைப் பிரித்துத் தளர்த்தினாள். கொஞ்ச நாளில் இன்னொரு தடவையும் தளர்த்தினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அவரைப் போனில் விசாரித்தார். அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியபோது தையலக்கா பக்கத்திலேயே மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, குறைந்திருக்கிறது என்றார். பேன்ட் இறுக்குகிறதா என்ற கேள்விக்கு, "இல்லவே இல்லம்மா, கச்சிதமா இருக்கு" என்றார் பூரிப்போடு. வாயைக் கட்டுகிறாரா என்று துப்புத் துலக்குகிறார்கள், நாம் ஏன் புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று தையலக்கா வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரமே அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிறெல்லாம் நீர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். நீர் கோத்தபோதே பேன்ட் இறுக்கியிருக்குமே, ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார். அப்போதுதான் தையலக்காவுக்கு விஷயம் விளங்கியது. தன் கையாலேயே புருஷனைக் கொல்லப் பார்த்தோமே என்று உள்ளுக்குள் செத்தாள்.

நீர் இறங்கி, மூச்சு சீரானதும் அவர் அவளைத்தான் தேற்றினார். "நான்தான் சரியா கவனிக்கல போல. உனக்கு எவ்ளோ அலைச்சல், மன்னிச்சுக்கோ."

அந்த மன்னிப்பை அவளால் தாங்க முடியவில்லை. தையலைப் பிரித்ததை, போன் வந்தபோது வாயை மூடிக்கொண்டதை, எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு வாய் எறங்காம பட்டினி கெடந்தேன். நான் ஒளிஞ்சு தின்னேன்னா நெனச்சே?"

"ஆமாங்க" என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."