பூவனலிங்கம் ஏற்றிய லினக்ஸ்

பூவனலிங்கத்துக்குக் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. கள்ள சிடியில் விண்டோஸ் போட மாட்டார். ஊரே போடுகிறது, இவர் மட்டும் யோக்கியர். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பின்னாலேயே அலைவார். நாற்பத்தைந்து வயதுக்குள் தலை பாதி நரைத்துவிட்டது.

2009இல் பசுவந்தனையிலிருந்து ஜானகியம்மாள் ஒரு பழைய லேப்டாப்பை மஞ்சள்பையில் வைத்து எடுத்து வந்தார். சிங்கப்பூரில் கட்டிட வேலை பார்க்கும் மகன் செல்வகணேஷ் ஆள் மூலம் கொடுத்துவிட்டது. முழுக்க வைரஸ். மகனுக்கு அங்கே மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்திருந்தான். சரியாகிவிட்டது என்று போனில் சொல்கிறான். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை, முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே வீட்டுப் போனில் பிராட்பேண்டும் வாங்கியாயிற்று. அவனுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

லினக்ஸ் கடையிலேயே ஏறிவிட்டது. நெட் வயர் செருகும் இடம் உடைந்திருந்ததால் வை-ஃபைதான் கதி. அது கடையில் இல்லை, சோதிக்கவும் வழியில்லை. முதல் ஞாயிறு பசுவந்தனைக்குப் போய்த் திறந்தால், உள்ளே இருக்கும் வை-ஃபை கார்டை லினக்ஸுக்கு அடையாளமே தெரியவில்லை. அதை ஓட வைக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை நெட்டில் இறக்க வேண்டும். நெட்டோ அந்தக் கார்டு வழியாகத்தான் வர வேண்டும். பென் டிரைவோடு கோவில்பட்டிக்குத் திரும்பினார்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோன டிரைவர், இன்னொரு ஃபைல் இருந்தால்தான் ஏறுவேன் என்றது. மறுபடி பஸ். அந்தச் சாயங்காலமும் செல்வகணேஷ், அங்கே ஒரு நண்பனின் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா காத்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போனான்.

மூன்றாவது ஞாயிறு எல்லாம் ஏறியது. கார்டின் பெயர்கூட வந்தது. சிக்னல் மட்டும் இல்லை. டிரைவரைக் கழற்றி ஏற்றி, கழற்றி ஏற்றி மூன்று மணி நேரம் போனது. பூவனலிங்கத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அலுத்துப்போய் லேப்டாப்பை மூடியபோதுதான் முன் விளிம்பைப் பார்த்தார். வை-ஃபையை நிறுத்திவைக்கும் சின்ன சுவிட்ச். அதன் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். லேப்டாப் கடையில் கிடந்தபோது வந்த ஆயுத பூஜையன்று, இருந்த சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது அவரேதான். விரல் பட்டுச் சுவிட்ச் நகர்ந்து, அப்படியே இறுகிவிட்டது. ஊக்கால் சுரண்டித் தள்ளினார். சிக்னல் வந்தது. அந்த அம்மாவிடம் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு செல்வகணேஷின் முகம் திரையில் வந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சவுண்ட் டிரைவர் வேறு பார்க்க வேண்டும்போல, இன்னொரு பஸ் என்று நினைத்தபடி பூவனலிங்கம் கீபோர்டுக்குக் கையைக் கொண்டுபோனார். ஜானகியம்மாள் தடுத்தார்.

"பேச்சைத்தான் தினமும் போன்ல கேக்குதேனே, தம்பி. நல்லாச் சாப்பிடுதேன்னுதான் சொல்லுதான். இங்கன பாருங்க, கழுத்தெலும்பு தெரியுது."

திரையில் அவன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லியிருப்பான்.