என் மனைவி தனக்கு வைத்துக்கொண்ட பெயர்

என் மனைவி ஐம்பத்தாறு வயதில் தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். 2012ஆம் ஆண்டு அது. நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த அறைகளில், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒருநாள் தன் செல்போனில் இருந்த ஒரு கட்டுரையை வாசித்துக் காட்டினாள்.

வெளிநாடுகளில் இந்தக் காலத்துப் பெண்கள் சிலர் தங்களைச் சூனியக்காரி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறார்களாம். யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. நிலாவைப் பார்த்து நாள் வைத்துக்கொள்கிறார்கள், செடிகளோடு பேசுகிறார்கள், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். என் மனைவி பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு நின்று முழுவதையும் கேட்டாள்.

"ஏங்க, இதுல பாதி நான் சின்ன வயசுலேந்து பண்ணிகினு இருக்கறதுதான். இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

"பேரா அது? அந்தப் பேரச் சொல்லித்தானே பொம்பளைங்கள அடிச்சுத் தொரத்துறாங்க."

"அவங்க வெச்சா அடி. நானே வெச்சுகினா?"

அன்று முதல் ஒவ்வொரு பௌர்ணமியன்றும் சாயங்காலம் மொட்டைமாடியில் ஓர் இரும்புச் சட்டியில் நெருப்பு மூட்டினாள். ஷிப்ட் இல்லாத பெண்கள் மேலே போவார்கள். ஆளுக்கொரு காய்ந்த வேப்பிலையைக் கையில் எடுத்து, தன்னைவிட்டுப் போக வேண்டியது எது என்று வாய்விட்டுச் சொல்லி, நெருப்பில் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் சூனியம். சூப்பர்வைசரின் ஏச்சு, ஓயாத ஓவர்டைம், ஊரில் பேசி முடித்த மாப்பிள்ளை என்று எத்தனையோ அந்தச் சட்டியில் எரிந்தன. கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அழுகை கேட்கும், அதைவிட அதிகமாகச் சிரிப்பு கேட்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. யாரையும் எதையும் நம்பச் சொல்லாத ஒன்றை எதிர்த்து வாதாடவும் எனக்கு வழியில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுபவர். வேனின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும், பின்னால் ஒரு பூத பொம்மையும் தொங்கும். ஒரு காலையில் என்னை வாசலில் நிறுத்தினார்.

"இன்னா சார், வூட்டம்மா மாடில நெருப்பு வெச்சுகினு இன்னாவோ பண்ணுதாமே? என் வண்டி ரெண்டு தபா நடுரோட்ல நின்னுச்சு."

எனக்கு ஊரில் இருந்த மரியாதை அந்த நொடியில் பெரிதாகத் தெரிந்தது. "அவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லப்பா. மாத்திரை சாப்பிடறா" என்றேன்.

திரும்பினால், கொடியிலிருந்து எடுத்த துணிகளோடு அவள் நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை.

"சூனியக்காரின்னே சொல்லியிருக்கலாம். அது நான் எனக்கு வெச்சுகினது. பைத்தியம்ங்கறது நீங்க வெச்சது."

வேன்காரர் அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். காய்கறிக் கடைக்காரி குழந்தையிடம் பேசுவதுபோல, "மாத்திர போட்டியாம்மா?" என்று கேட்டாளாம். அன்றோடு என் மனைவி கடைக்குப் போவதை நிறுத்தினாள். மாடிக்குப் போவதையும் நிறுத்தினாள். எனக்கு வேளாவேளைக்குச் சோறு வந்தது. பேச்சு வரவில்லை. அடுத்த பௌர்ணமி சும்மா போனது.

தென்காசிப் பெண்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சார், அம்மாவக் கிறுக்குன்னு சொன்னியளாமே? பெத்தவகிட்டயே சொல்ல முடியாதத நாங்க அவியகிட்டதான் சொல்லுதோம். அப்ப நாங்களும் கிறுக்கா?"

முப்பது வருடம் வகுப்பில் உண்மையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன், பொய் சொல்லி என் வீட்டுக்காரியை நோயாளி ஆக்கியிருந்தேன்.

ஆயுத பூஜையன்று வேன்காரர் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டிருந்தார். தெருவே கூடியிருந்தது. பூசணியின் மேல் கற்பூரம் எரிந்தது. இப்போது விட்டால் இனி வாய் வராது என்று முன்னால் போய் நின்றேன்.

"என் சம்சாரத்துக்கு எந்த வியாதியும் கிடையாது. மாத்திரையும் கிடையாது. நான் சொன்னது பொய். அவ தன்னைச் சூனியக்காரின்னு சொல்லிக்கிறா. அது நெஜம்."

வேன்காரர் நெளிந்தார். "சார், கை சுடுது. ஒடச்சிட்டு வந்துர்றேன், அப்பால சொல்லு."

உடைத்துவிட்டு வந்தார். "அப்போ என் வண்டி நின்னது?"

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "கிளட்ச் பிளேட்ட மாத்துப்பா. ரெண்டு மாசமா கருகின நாத்தம் எங்க சமையல்கட்டு வரைக்கும் வருது. அதுக்கெல்லாம் நான் சூனியம் வெக்க மாட்டேன்."

தெரு சிரித்தது. வேன்காரரும் சிரித்துவிட்டு, என் மனைவிக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்தனுப்பினார். காய்கறிக் கடைக்காரி மட்டும் கொஞ்ச நாள் விலகியே நடந்தாள். பிறகு அவளும் ஒரு பௌர்ணமிக்கு வந்தாள்.

ஆனால் அன்றும் என் மனைவி என்னிடம் பேசவில்லை. அடுத்த வாரம் பௌர்ணமி. மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. நான் வழக்கம்போல் கீழேயே உட்கார்ந்திருந்தேன். மேலே வா என்று என்னை அவள் கூப்பிட வேண்டிய கடமை எதுவும் இல்லை. இன்றுவரை நான் நன்றியோடு நினைப்பது அதைத்தான்: அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, நெருப்பு புடிக்கல. கொஞ்சம் மேல வாங்க."

போனேன். நெருப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் என் கையில் ஒரு வேப்பிலையை வைத்தாள்.

"ஊர் என்ன சொல்லுமோங்கற பயம்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது ஒரு எலைக்குப் போவாது. கூட ரெண்டு எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டேன்.