நான்கில் தொடங்கும் வீதி

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே போகும் மோட்டர்வேயின் முதலாவது வாசலுக்கு இலக்கம் நான்கு. ஒன்றும் இரண்டும் மூன்றும் எங்குமே இல்லை. லண்டனுக்குள் அவற்றைக் கட்ட நினைத்துப் பிறகு கைவிட்டுவிட்டார்கள் என்று என் கணவர் சொல்வார். எண்ணை மாற்றலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை போலும். எம் லெவன் என்ற அந்த வீதியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் கலியாண வீட்டில் கூடினால் லண்டனைச் சுற்றி ஓடும் பெரிய வீதியின் நெரிசலைத் திட்டுவார்கள். பர்மிங்ஹாமுக்குப் போய்வந்த கதையை விரிவாகச் சொல்வார்கள். எம் லெவனுக்குத் திட்டுக்கூடக் கிடைப்பதில்லை. கேம்பிரிட்ஜ் வரை போய், அங்கே வேறொரு வீதியில் சேர்ந்து சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. யாரும் பொருட்படுத்தாத அந்த வீதிக்குத்தான் நான் இருபத்திரண்டு வருடம் பயந்துகொண்டிருந்தேன்.

அப்டன் பார்க்கில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஐந்தாம் தடவைதான் லைசன்ஸ் கிடைத்தது. வேலைக்கும் கடைக்கும் கோயிலுக்கும் கார் ஓடுவேன். முப்பது மைலுக்கு மேல் ஊசி ஏறியதில்லை. மோட்டர்வேயில் நிற்க முடியாது என்பதே என்னை நடுங்க வைத்தது. ஊரில், சண்டைக் காலத்தில், வீதி என்றால் நிற்பதற்குத்தான் பயம். ஒவ்வொரு காவலரணிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். அந்தப் பயம் பழகிய பயம். நிற்கவே கூடாத வீதியில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

போன மாசியில் ஒரு ஞாயிறு காலை, பிள்ளைத்தாச்சியாக இருந்த மகள் துளசி கேம்பிரிட்ஜிலிருந்து போன் எடுத்தாள். "அம்மா, வோட்டர் பிறேக் ஆகிட்டுது. டாக்டர் குடுத்த நாளுக்கு ஆறு கிழமை முந்தி. அம்புலன்ஸ் வருது. நீங்கள் வாறீங்களா?" மருமகன் வேலை விடயமாகச் சிங்கப்பூரில் இருந்தார். தண்டவாள வேலை என்று அன்று ரயில் இல்லை. டாக்ஸி வர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். தூரப் பயணம் என்றால் எப்போதும் கார் ஓடுகிற என் கணவருக்கோ ஐந்து நாளுக்கு முன்னர்தான் விழித்திரை ஒப்பரேஷன் நடந்திருந்தது. கண்ணுக்குள் வாயு அடைத்திருந்தார்கள். அது சரியான இடத்தில் நிற்க, ஒரு கிழமைக்குத் தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. சாப்பிடுவதும் குனிந்தபடி, என்னோடு சண்டை பிடிப்பதும் குனிந்தபடி.

"நீர் காரை ஓடும், நான் பாதை சொல்லுறன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்படித்தான் வெளிக்கிட்டோம். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி, நாடி நெஞ்சில் முட்ட, தன் சப்பாத்துகளைப் பார்த்தபடி அவர் வழி சொல்லிக்கொண்டு வந்தார். மோட்டர்வேக்குள் நுழையும் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. வலப்பக்கம் மதில்போல ஒரு லொறி. "பக்கத்தில லொறி நிக்குதோ?" என்று கேட்டார். நிற்கவில்லை, ஓடுகிறது என்றேன். "அப்ப அதுக்குப் பின்னால விடும்." அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. கண்ணை மூடிவிட்டேனோ தெரியாது. திறந்தபோது எப்படியோ உள்ளே இருந்தோம். உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. நாற்பதுக்கு மேல் என் கால் அழுத்த மறுத்தது. லொறிகள் கோர்ன் அடித்துக்கொண்டு தாண்டின. ஒவ்வொன்றும் வாரி இறைத்த தண்ணீரில் கண்ணாடி வெள்ளையாகி, சில கணங்கள் நானும் அவரைப்போலக் குருடாகத்தான் ஓடினேன். ஹார்லோவைத் தாண்டியபோது பின்னால் நீல வெளிச்சம் சுழன்றது.

ஓரத்தில் நிறுத்தினேன். மஞ்சள் ஜக்கெட் போட்ட இளம் பொலிஸ்காரர் ஒருவர் மழைக்குள் நடந்து வந்து, கணவரின் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். எனக்குப் பழைய வீதி ஒன்று ஞாபகம் வந்தது. கலியாணம் முடித்து நான்காம் மாதம் கொழும்புக்குப் போகும் வழியில், ஒரு காவலரணில் ஆமிக்காரர் ஆண்களை மட்டும் இறக்கி, வீதியோரத்தில் தலை குனிந்தபடி வரிசையாக இருத்தினார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஆள்காட்டி ஒருவன் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றான். அவன் தலையாட்டினால் அந்த ஆள் பஸ்ஸுக்குத் திரும்பமாட்டார். இவர் முன்னால் நெடுநேரம் நின்றான். பிறகு ஆட்டாமல் நகர்ந்துவிட்டான். அதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. இப்போது அதே மனிதர், அதே குனிவு, மேலே ஒரு சீருடை.

நான் கைப்பையிலிருந்து லைசன்ஸ், கவுன்சில் கடிதம், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து ஜன்னலால் நீட்டினேன். பொலிஸ்காரர் வாங்கவில்லை. இன்று எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஸ்ரீ லங்கா" என்றேன்.

அவர் காரை ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தார். "இதிலா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்டார். கணவர் சப்பாத்தைப் பார்த்தபடியே, தான் நலம், டாக்டர் சொன்னதால் இப்படி இருக்கிறேன் என்று தன் மிகச் சிறந்த ஆங்கிலத்தில் சொன்னார். நான் அழத் தொடங்கிவிட்டேன். மகள், குழந்தை, ஆறு கிழமை என்று சொற்களாகக் கொட்டினேன். வேகமாக ஓடியதற்கு மறிக்கவில்லை, இந்த வீதியில் இவ்வளவு மெதுவாக ஓடுவது ஆபத்து, அதற்குத்தான் மறித்தேன் என்று அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "நான் முன்னால் போகிறேன். என் பின் லைட்டை மட்டும் பாருங்கள். வேறொன்றையும் பார்க்க வேண்டாம்."

ஒரு சீருடைக்குப் பின்னால் என் விருப்பத்தோடு போனது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. ஐம்பது, ஐம்பத்தைந்து என்று ஊசி ஏறியது. பயம் குறையவில்லை, ஆனால் பயத்தோடேயே ஓடலாம் என்பது விளங்கியது. ஓடுபவர்கள் இளைப்பாறும் சேர்விஸ் நிலையம் வந்ததும் அவர் கையை அசைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். மிச்சத் தூரம் தனியாக ஓடினேன். "இப்ப எத்தினையில போறீர்?" என்று கணவர் கேட்டார். அறுபது என்றேன். இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர நாற்பது நிமிடத்துக்கு முன்னர் பெண் குழந்தை பிறந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான் நீளம். அடுத்த இரண்டு நாளும் முக்கியம் என்றார்கள். "அம்மா, நீங்களோ ஓடினீங்கள்?" என்று துளசி திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லோரும் குனிந்து பார்க்க வேண்டிய அந்தப் பெட்டியை என் கணவர் வந்த மாதிரியே நின்று, நன்றாக இருந்த மற்றக் கண்ணால், நெடுநேரம் பார்த்தார்.

இரண்டு நாளும் கடந்தன. குழந்தை தேறித் துளசியின் வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது நான் ஒவ்வொரு சனியும் அவளைப் பார்க்கத் தனியாக அந்த வீதியில் போய் வருகிறேன். உள்ளங்கை இன்னும் வியர்க்கும். காரில் எங்கள் தமிழ் வானொலியைப் போட்டுக்கொள்வேன். லண்டனைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் அது அறுந்துவிடும். போன சனி மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண். "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும்" என்று அறிவிப்பாளர் நிறுத்தி வாசித்தார். அடுத்து வரவேண்டிய வதிவிடத்தை, கடைசிவரை எங்கே வாழ்ந்தார் என்பதை, சொல்லுமுன் ஒலி நின்றுவிட்டது. திருப்பிப் பிடிக்க அங்கே நிறுத்த முடியாது. பின்னால் லொறி வந்துகொண்டிருந்தது. ஒன்றும் பேசாத வானொலியோடு, அறுபதில், நான் போய்க்கொண்டிருந்தேன்.