வெள்ளிக்கிழமை பார்த்த வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு முப்பத்தைந்துக்குப் படுக்கையறைத் திரையை விலக்கினேன். பின்சந்துக்கு அப்பால், மதிலுக்குள், மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளைகள் இருபது பேர் குந்தியபடி வாத்து நடை நடந்துகொண்டிருந்தார்கள். கூரை விளிம்பில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அவர்களுக்குப் பாட்டுப் போட்டது. ஆசிரியை ஒலிவாங்கியில் "சத்து, டுவா, தீகா" என்று எண்ணினார். அது மலாய்ப் பாட்டு. வாத்தைப் பற்றியதுதான்.

எனக்குப் பின்னால், இருபது நிமிடத்துக்கு முன்புதான் படுத்த என் மனைவி கண்ணைத் திறந்தாள்.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து அன்று மூன்றாவது நாள்.

அவளுக்குக் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் இரவு ஷிப்டு. மாலை ஏழுக்குத் தொடங்கி காலை ஏழுக்கு முடியும். தொழிற்சாலை பஸ் அவளை எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணியில் இறக்கிவிடும்போது எட்டு மணி ஆகிவிடும். ஊர் வேலைக்குப் போகும் நேரத்தில் அவள் தூங்க வேண்டும். நான்கு வருடம் நாங்கள் வாடகைக்கு இருந்தது கார் தட்டும் பட்டறைக்கு மேல்மாடி. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கினாள். பஞ்சையும் மீறி, கீழே தட்டுவது கதவா மட்கார்டா என்று சொல்லும் அளவுக்கு அவளுக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. வீடு வாங்குவோம் என்று அவள் சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். பகலில் சத்தம் இருக்கக் கூடாது.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதற்கு முன் யாரும் வீடு வாங்கியதில்லை. இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். தோட்டத்தில் வீட்டைக் கணக்கெழுதும் கிராணி கைகாட்டுவார், சட்டி பானையோடு உள்ளே போய்விட வேண்டியதுதான். அதனால் வீடு பார்ப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், வாஸ்து பார்ப்பார். இன்னொருவன் நான். பத்திரிகையில் இருந்த காலத்தில், முதல் வீடு வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய ஒன்பது தவறுகள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

அந்த ஒன்பதையும் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன். நிலப்பட்டாவைப் பார்த்தேன். நிலவரி பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டேன், கழிப்பறையில் மூன்று முறை ஃபிளஷை அழுத்தினேன், மேல்கூரையில் ஈரக்கறை தேடினேன். மச்சான் திசைகாட்டியோடு வந்தார். முதல் வீட்டுக்கு எதிரே சாலை நேராக வந்து முட்டியது. தெருக்குத்து என்று அவர் லாரியை விட்டே இறங்கவில்லை. இரண்டாவது வீட்டின் எண் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு, சனி என்றார். வீட்டு ஏஜெண்டு சீனர். அவருக்கு எட்டு என்றால் அதிர்ஷ்டம். எட்டு வேண்டாம் என்று சொன்ன மனிதரை அவர் கொஞ்ச நேரம் அனுதாபத்தோடு பார்த்தார்.

ஆனால் ஆள் கெட்டிக்காரர். எங்கள் ஆட்களுக்கு விற்று விற்று நான்கு தமிழ்ச் சொற்கள் கற்றிருந்தார்: கிழக்கு, சாமி ரூம், தெருக்குத்து, பரவால்ல. மூன்றாவது வீட்டுக்கு வந்தபோது அவரே கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து மச்சானிடம் நீட்டினார். ஒட்டி ஒட்டி நிற்கும் தரைவீட்டு வரிசையில் ஒன்று, கிழக்குப் பார்த்த வாசல். முன்பக்கம் ஈசானிய மூலையில், சாமிக்கு ஏற்றதாக, ஒரு சின்ன அறை. பின்பக்கம் தென்மேற்கில் பெரிய படுக்கையறை. மச்சான் கன்னி மூலையில் போய் நின்று, சுவரைத் தொட்டு, "இங்கதான் என் தங்கச்சி தூங்கணும்" என்றார். சமையலறை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

"பரவால்ல" என்றார் ஏஜெண்டு.

நாங்கள் எப்போது போய்ப் பார்த்தோம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். நல்ல காரியம் என்பதால் வெள்ளிக்கிழமை. நாள்காட்டியில் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். முதல் தடவை நானும் மச்சானும் போனோம். அடுத்த வெள்ளி மனைவியைக் கூட்டிப் போனோம். மூன்றாவது முறை திரைக்கு அளவெடுக்க, வங்கிக் கடன் கிடைத்த பிறகு நான்காவது முறை சாவி வாங்க, ஐந்தாவது முறை பால் காய்ச்ச, எல்லாம் வெள்ளிதான். ஐந்து முறையும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இரண்டாவது தடவை மனைவி அந்தப் படுக்கையறையின் வெறுந்தரையில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்தாள். எழுந்திருக்க மனமில்லாமல் எழுந்தாள்.

எங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இங்கேயே பிறந்த எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். பாலர் பள்ளிகளும் அந்த இரண்டு நாள்தான் மூடியிருக்கும். அதுவும் தெரியும்.

பின்சந்துக்கு அப்பால் இருந்த பாலர் பள்ளியின் பெயர்ப்பலகை அடுத்த தெருவைப் பார்த்து இருந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து முதுகுதான் தெரியும். அந்த முதுகிலும் மதிலுக்கு மேலே ஒரு மஞ்சள் சறுக்குமரமும், கூரை விளிம்பில் ஓர் ஒலிபெருக்கியும் தெரிந்தன. இரண்டையும் முதல் வெள்ளியே பார்த்தேன். பிள்ளைகள் உள்ள வீடு, பாட்டுப் பிரியர்கள் என்று நினைத்தேன்.

பால் காய்ச்சிய மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், வேலைக்குப் போகுமுன் அவள் மூன்று மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் பஞ்சு உருண்டை இருந்த டப்பாவைக் குப்பையில் போட்டாள். அதற்கடுத்த காலைதான் வாத்துகள்.

ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். அவர் மலாயில் பொறுமையாக விளக்கினார். எந்தத் திசை என்று கேட்டீர்கள், சொன்னேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் மகிழ்ச்சியாகச் சொல்லியிருப்பேன், பாலர் பள்ளி பக்கத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அதில் பொய் எதுவும் இல்லை. பேட்டி எடுக்கப் போய்த் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தவன் நான்தான்.

மனைவி என் பழைய பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். நான்காவது தவறு: ஒரே நாளில், ஒரே நேரத்தில் மட்டும் வீட்டைப் பார்ப்பது.

"நாலாவதை யாருக்காக எழுதுனீங்க?" என்று கேட்டாள்.

வாசகர்களுக்காக என்றேன். அவள் பக்கத்தை மடித்து வைத்தாள்.

கனத்த திரை வாங்கிப் போட்டோம். பாட்டு கொஞ்சம் தொலைவுக்குப் போயிற்று, வாத்து அப்படியே இருந்தது. தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். மிக நல்லவர். மறுநாளிலிருந்து ஒலிபெருக்கியைப் பாதியாகக் குறைத்தார். பாட்டுச் சரியாகக் கேட்காத பிள்ளைகள் தாங்களே உரக்கப் பாடத் தொடங்கினார்கள். புதன்கிழமைக்குள் மனைவிக்கு அவர்கள் தினமும் பாடும் மூன்று பாட்டும் மனப்பாடம். அன்றிரவு வேலையில் கண் சொருகி, நுண்ணோக்கியில் நெற்றி இடித்துக்கொண்டாள். மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் பகுதி அது. கண் மூடினால் பிழை தாண்டிப் போய்விடும். இன்னொரு தடவை என்றால் எச்சரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாராம் மேற்பார்வையாளர். நெற்றியில் ஒரு சின்ன வட்டத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

அந்த வட்டத்தோடுதான் வியாழக்கிழமை காலை வீட்டின் ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்தாள். கூடம், சமையலறைத் தரை, கடைசியாக முன்பக்கத்துச் சின்ன அறை. எங்கள் தெரு முட்டுச்சந்து. அதில் போகிற வண்டி எல்லாம் அங்கேயே இருப்பவர்களுடையது, காலை எட்டுக்குள் போய்விடும். அந்த அறையில் சாமி படங்களுக்குக் கீழே அவள் படுத்த ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடம் ஆயிற்று.

சாயங்காலம் மச்சானுக்குத் தகவல் போய், அவர் லாரியோடு வந்து நின்றார். ஈசானியத்தில் படுக்கிறதா என்றார். சாமியைக் கன்னி மூலைக்குத் தள்ளுகிறதா என்றார். இது தெரிந்திருந்தால் பதினேழாம் எண் வீட்டையே வாங்கியிருக்கலாமே என்றும் சொன்னார், அதைச் சொன்னதும் அவருக்கே ஒரு மாதிரியாகப் போயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, சாமி என்னம்மா நெனைக்கும்?" என்றார்.

அவள் சீருடையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கு ஷிப்டு இல்லண்ணே. எனக்கு இருக்கு."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஆணிப் பெட்டியைப் பார்த்தேன்.

மறுநாள் வெள்ளி, நல்ல நேரத்திலேயே மாற்றினோம். முருகன், பிள்ளையார், மச்சான் வாங்கிக் கொடுத்த பெரிய லட்சுமி படம், குத்துவிளக்கு, பித்தளை மணி எல்லாம் பெரிய படுக்கையறைக்குப் போயின. எங்கள் கட்டில் சின்ன அறைக்குள் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றது. உள்ளே போக ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அலமாரிக்கு இடம் இல்லாததால் அது சாமிகளோடு தங்கிவிட்டது. மச்சான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். காலை எட்டே முக்காலுக்குத் தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டது, உடனே நின்றது. அங்கேயே இயந்திரத்தை அணைத்துவிட்டு லாரியை வாசல்வரை உருளவிட்டு வந்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சின்ன அறையின் மூடிய கதவைப் பார்த்தார். "தூங்குதா?" என்று உதட்டால் மட்டும் கேட்டார். தூங்கி இருபது நிமிடம் ஆகிறது என்று விரல்களால் காட்டினேன்.

பின்னறைக்குப் போனார். கொண்டுவந்த செம்பருத்திப் பூவை லட்சுமிக்கு வைத்தார், சூடம் ஏற்றினார். ஜன்னலுக்கு அப்பால் ஆசிரியை எண்ணத் தொடங்கினார். வாத்துப் பாட்டு முழுவதும் மச்சான் கைகூப்பிக் கண்மூடி நின்றார். பாட்டு முடிந்து பிள்ளைகள் கைதட்டியபோது கண்ணைத் திறந்து, தட்டை மூன்று முறை சுற்றினார்.

மணியை அடிக்கவில்லை.