கோடிக்கு வந்த தராசு

அப்பாவின் கருமாதி அன்று பிறந்த வீட்டிலிருந்து அம்மாவுக்குக் கோடி வந்தது. புருஷனை இழந்தவளுக்குப் போடுகிற புதுப் புடவை. ஸ்ரீரங்கத்து மாமா விலை கூடின புடவையாகக் கொண்டுவந்து அம்மாவின் தோளில் போர்த்தி, "நான் இருக்கேன் தங்கச்சி, எதுக்கும் கலங்காதே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். கூடமே சேர்ந்து அழுதது. கூடப்பிறந்தவன் என்றால் இவனல்லவா என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அப்புறம் வந்தாள் பெரியம்மா, அம்மாவின் அக்கா. காந்தி மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரித்துக் காய் விற்பவள். வாயைத் திறந்தால் வசவுதான். அவள் கையில் புடவை இல்லை. ஒரு தராசையும் எடைக்கற்களையும் அம்மாவின் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"அழுதா உலை கொதிக்குமாடி? மார்க்கெட்டுக்கு வந்து சேரு."

"அடிப் பாவி, சாவு வீட்டுக்கு இப்படியா வருவாங்க!" என்று பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்கும் அவளைக் கண்டாலே ஆகாது.

அம்மாவுக்கும் மார்க்கெட்டுக்குப் போக மனமில்லை. பாலக்கரை வீட்டுக்காரர் எங்கள் சாமான்களைத் தெருவில் எடுத்துப் போட்டதும், என்னைக் கூட்டிக்கொண்டு மாமாவிடம்தான் ஓடினாள். மாமா காபி கொடுத்தார். கண் கலங்கினார். "நான் இருக்கேன்ல" என்றார். பஸ்ஸும் ஏற்றிவிட்டார். அவர் தலை மறையும் வரை ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். எவ்வளவு நல்ல மாமா!

சாயங்காலம் பெரியம்மாவின் ஒற்றை அறையில் போய் நின்றோம். "இப்பவாவது புத்தி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் போட்டாள். மறுநாள் தன் சாக்கில் பாதியை அம்மாவுக்கு ஒதுக்கினாள்.

அம்மா கத்தரிக்காயை நிறுத்து விற்றாள். பெரியம்மாவோ கூறு கட்டி, குத்துமதிப்பாக விற்றாள். ஜனங்கள் எடையை நம்பி அம்மாவிடமே வந்தார்கள். எங்கள் கூடை காலியாகும். அவள் காய் வதங்கிக் கிடக்கும். அந்த வதங்கலைத்தான் மூன்று பேரும் குழம்பு வைத்துத் தின்றோம்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: "பெரியம்மா மட்டும் ஏம்மா நிறுத்துப் போட மாட்டேங்கறாங்க? திருட்டு வியாபாரமா?"

அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை என்மேல் கை வைக்காதவள்.

"அது அவ தராசுடி! அவகிட்ட இருந்ததே அது ஒண்ணுதான்!" என்று கத்திவிட்டு, அவளே உட்கார்ந்து அழுதாள்.

ஒரு தராசுக்கு இத்தனை அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை. மாமா மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் என்னை இப்படி அடிக்க விட்டிருப்பாரா என்று நினைத்து நினைத்துத் தேம்பினேன்.