உள்ளங்கைச் சீனி

"நீ டேஸ்டரா, இல்ல பாத்திரம் கழுவறவனா?"

ஜமீன் ஐயா எங்கிட்டப் பேசின முதல் பேச்சு இதுதான். குன்னூர் ஏலத்துக்கு வர்ற தேயிலையை ருசிச்சு விலை சொல்றது என் பிழைப்பு. நான் 'சுமார்'னு ஒரு வார்த்தை சொன்னா பேக்டரி மேனேஜருக்கு அன்னிக்குச் சோறு இறங்காது. ரிட்டயர் ஆன பிறகு இந்தப் பேச்சும் கேக்கணும்னு தலையில எழுதியிருந்திருக்கு.

கூப்பிட்டது அவரோட மக. தெற்கே பெரிய ஜமீனா இருந்த குடும்பம், கடைசியில குன்னூர் பங்களாதான் மிச்சம். ஐயாவுக்கு வயசு தொண்ணூறைத் தொட்டாச்சு. மறதி வேற.

"எப்பவோ குடிச்ச ஒரு டீ வேணும்னு அடம் பிடிக்கிறார், டேஸ்டர் சார். அது வராம சாப்பிட மாட்டேன்னு தட்டைத் தள்ளி விடறார். ரெண்டு வாய் கஞ்சி இறங்கறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது. உடம்பைப் பாருங்க, எலும்புதான் இருக்கு"ன்னாங்க அந்தம்மா.

"எங்கைய்யா குடிச்சீங்க?"ன்னு கேட்டேன்.

"லண்டன்ல. பெரிய ஓட்டல். ஒரு வெள்ளைக்காரம்மா ஊத்திக் குடுத்தா."

"எப்படீங்க இருக்கும்?"

"புகை வாசம் அடிக்கும். கசக்கும். இனிப்பு தனியா வரும்."

ருசிச்சது, துப்பினது

புகை வாசம்னா எங்க தொழில்ல குத்தம். இலையைக் காய வைக்கிற டிரையர்ல புகை கசிஞ்சாத்தான் அந்த வாசம் ஏறும். 'ஸ்மோக்கி'ன்னு எழுதி அந்த லாட்டையே தள்ளி வெச்சிருவோம். அதைப் போய் லண்டன் ஓட்டல்ல ஊத்துவானா? ஏதோ நல்ல இலையாத்தான் இருக்கும், புகை இவர் கற்பனைன்னு முடிவு பண்ணேன். 'இனிப்பு தனியா வரும்'னாரே, அது குடிச்ச பிறகு தொண்டையில தங்கற இனிப்புன்னு எடுத்துக்கிட்டேன். டேஸ்டர்னா யாரும் அப்படித்தான் எடுத்துப்பான். எங்களுக்கு எல்லாமே இலையிலதான் இருக்கணும்.

பனிக்காலத்துல பறிச்ச முழு இலைத் தேயிலை, நாங்க ஆர்த்தடாக்ஸ்னு சொல்றது, கொண்டுபோனேன். ஒரு வாய் வெச்சுட்டுச் சாசர்ல துப்பினாரு. "வெந்நி"ன்னாரு. வெள்ளை மொட்டு டீ கொண்டுபோனேன். அதுவும் வெந்நிதான். நான் ஆயுசு முழுக்க மத்தவங்க டீயைத் துப்பினவன். என் டீயை ஒருத்தர் துப்பறதைப் பார்த்தப்பதான் அந்த வலி தெரிஞ்சுது.

போதாக்குறைக்கு அவர் சொல்ற ஊரும் மாறிச்சு. அடுத்த தடவை லண்டன் இல்லை, கொடைக்கானல் பள்ளிக்கூடம். ஊத்தினது வார்டன். அப்புறம் கப்பல். ஊத்தினது யாருன்னு கேட்டா, "மூஞ்சி வர மாட்டேங்குதுப்பா"ன்னு அழுதுட்டாரு. ஊரும் ஆளும் மாறினாலும் புகையும் கசப்பும் தனியா வர்ற இனிப்பும் மட்டும் மாறவேயில்லை.

மஞ்சூர்

எங்க அக்கா மஞ்சூர்ல இருக்கா. நாங்க சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்த குடும்பம். அவ இன்னும் விறகடுப்புதான் வெச்சிருக்கா. அவகிட்டப் போய்ப் புலம்பினேன்.

அவ கலகலன்னு சிரிச்சா. "நல்ல டேஸ்டர்டா நீ! சீனியைத் தேத்தண்ணியில போட்டாத்தானே சேந்து வரும்? உள்ளங்கையில வெச்சு நக்கிக் குடிச்சா தனியாத்தானே வரும்? லயத்துல எல்லாரும் அப்படித்தானே குடிச்சோம்?"

எனக்குப் பொடனியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆனா ஜமீன் பங்களாக்காரருக்கும் தோட்டத்துக் கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்துத் தேத்தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறோமோன்னு தயக்கமாவும் இருந்துச்சு.

இருந்தாலும் அக்கா அடுப்புல கொதிக்க வெச்ச பால் விடாத சாயத்தை, புகை வாசத்தோட, பிளாஸ்க்ல ஊத்தி எடுத்துட்டுப் போனேன். ஐயா முன்னாடி டம்ளரை வெச்சேன், பக்கத்துல சீனிக் கிண்ணம்.

டம்ளரை மோந்து பார்த்தாரு. கிண்ணத்தைப் பார்த்தாரு. அப்புறம் இடது கையை விரிச்சு எங்கிட்ட நீட்டினாரு.

அந்தம்மா திகைச்சுப் போய் நின்னாங்க. நான் ஒரு ஸ்பூன் சீனி போட்டேன். ஒரு நக்கு, ஒரு வாய். சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கிட்டாரு. பாதி சீனியிலயே கையைப் பொத்திக்கிட்டாரு.

"அப்பா, கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். குடுங்க, துடைச்சு விடறேன்."

கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சாரு. "இது ஆத்தாளுக்கு. அது இன்னும் குடிக்கல."

அந்தம்மா மெதுவா என்னை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. "எங்க பாட்டியை அப்பா 'தாயார்'னுதான் கூப்பிடுவார். ஆத்தான்னு அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவரைச் சின்ன வயசுல தத்து எடுத்ததா ஊர்ல ஒரு பேச்சு உண்டு. ஏதோ ஏழைச் சொந்தக்காரங்களாம், சிலோனுக்குப் பிழைக்கப் போனவங்களாம். வீட்ல அதைப் பத்தி வாயைத் திறந்தா தாத்தா தொலைச்சிருவார்."

அன்னிக்கு ஐயா ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சாரு. இடது கையை மட்டும் திறக்கலை.

மறுவாரம் போனப்ப ஆசையா கேட்டேன். "ஆத்தா எங்கைய்யா இருந்தாங்க?"

"லண்டன்ல"ன்னாரு.

திருப்பி ருசிக்கறது

இதை அக்காகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். "அந்த வயசுலயும் அம்மாவுக்குப் பாதி எடுத்து வெக்கணும்னு தோணியிருக்கு பாரு. நமக்கு அந்தக் கவலையே இல்லை, நம்ம அம்மாவுக்குத்தான் இனிப்பே பிடிக்காதே."

அக்கா சிரிக்கலை. "பிடிக்காதுன்னு யாருடா சொன்னா?"

"அம்மாதான்."

"வீட்டுல இருந்த சீனி ரெண்டு பேருக்குத்தான் காணும். குடிக்கிறவங்க நீ, நான், அம்மான்னு மூணு பேரு."

தொழிலுக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு கப்புல சந்தேகம் வந்தா உடனே மார்க் போட்டுடாதீங்க. கப்பு வரிசையைச் சுத்தி வந்து திருப்பி ருசிங்க. ஏலத்துக்கு வந்த அத்தனை டீயையும் நான் அப்படித்தான் ருசிச்சேன். எங்க அம்மா சொன்ன அந்த ஒரு பேச்சை மட்டும், தலை நரைக்கிற வரைக்கும், ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கலை.