மூன்று நாளா, ஆறு நாளா

வெள்ளிக்கிழமை மாலை ஏழு ஐந்துக்கு எங்கள் கோழிப்பண்ணையின் லைட்டுகளை அணைத்தேன். அப்போதிருந்துதான் எல்லாம் கெட்டது. இப்போதும் டிராக்டர் சத்தம் கேட்டால் என் கை தானாகப் பெட்ஷீட்டைத் தேடுகிறது.

மகள் இயற்பியல் முதுகலை படிக்கிறாள். ஒரு நட்சத்திரத்தின் முன்னால் அதன் கோள் கடக்கும்போது வெளிச்சம் இம்மியளவு குறையுமாம். மாடியில் தொலைநோக்கியும் கேமராவும் வைத்து, ஆறு நாள் இடைவெளியில் இரண்டு முறை அதைப் பிடித்துவிட்டாள்.

“அப்புறமென்ன? ஆறு நாளைக்கு ஒரு சுத்து. எழுதிக் குடுத்துட்டு வந்து சாப்பிடு” என்றேன்.

“முட்டை லாரியப் போன திங்களும் பாத்த, இந்தத் திங்களும் பாத்த. நடுவுல சேந்தமங்கலம் போயிட்ட. லாரி வாரம் ஒருக்காதான் வருதுன்னு சொல்லிருவியா?”

வியாழக்கிழமையும் வரும் லாரி அது. அவளுக்கும் அதே கதைதான். இடையிலிருந்த மூன்றாம் நாளில் மேகம் மறைத்துவிட்டது. இந்த வெள்ளி, கடைசியாகப் பிடித்ததிலிருந்து மறுபடி மூன்றாம் நாள். வெளிச்சம் குறைந்தால் சுற்று மூன்று நாள், குறையாவிட்டால் ஆறு. மறுநாள் காலை கல்லூரியில் சொல்லியாக வேண்டும்.

பண்ணை வெளிச்சம் மாடியில் அடிக்கக் கூடாது. முட்டைக் கோழிக்கு இருட்டிய பிறகும் லைட் வேண்டும் என்ற கவலையை விழுங்கிக்கொண்டு அணைத்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் பக்கம் ஒரு பண்ணை இருட்டானால், யாரும் போன் போட்டு ஏன் என்று கேட்பதில்லை. ஜெனரேட்டரோடு கிளம்பிவிடுவார்கள்.

ஏழே முக்காலுக்கு வண்டிப்பாதையில் இரண்டு ஹெட்லைட்.

“அம்மா! வெளிச்சம்!” என்று மாடியிலிருந்து அலறல்.

கொடியில் கிடந்த பெட்ஷீட்டை உருவிக்கொண்டு ஓடி, ஜெனரேட்டரை இழுத்து வந்த டிராக்டருக்கு முன்னால் விரித்துப் பிடித்து நின்றேன். பக்கத்துப் பண்ணைக்காரர் பிரேக்கில் ஏறியே நின்றுவிட்டார்.

“ஏனுங்கக்கா, கோழிக்கு ஏதாச்சும் சீக்குங்களா? அழுவாதீங்க!”

அழவில்லை, மூச்சு வாங்கியது. “மொதல்ல லைட்ட அணைங்க!”

அணைத்தார். விஷயத்தைச் சொன்னேன். இருவரும் வெகுநேரம் அண்ணாந்து நின்றோம்.

“அது நம்ம கண்ணுக்குத் தெரியுங்களா?”

“தெரியாதுங்க.”

“அப்பறம் எதுக்குங்க கழுத்து நோக நிக்கறோம்?”

ஒன்பதரைக்கு மகள் இறங்கி வந்தாள். “கொறஞ்சுதும்மா! மூணு நாள்தான். ஹெட்லைட் பட்ட ரெண்டு படம் மட்டும் போச்சு.”

ஜெனரேட்டரில் சாய்ந்திருந்தவர் விரல்விட்டு எண்ணினார்.

“அப்பத் திங்கக்கெழம மறுக்காவும் இருட்டுங்களா, சாமி? முன்னாலயே சொல்லிப்போடு. நான் ஊட்லயே இருந்துக்கறேன்.”